குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஒரு நிதானமான நாள்: கிளம்புவது முதல் வீடு திரும்புவது வரை

குளிர்காலத்தில் குடும்பத்தோடு வெளியே போன நாள் கெட்டுப்போனால் பழியைக் குளிரின் மேல் போடுகிறோம். நான் பார்த்தவரை நாளைக் கெடுப்பது வரிசை தவறுவதுதான். குழந்தைக்கு முழு உடுப்பையும் மாட்டிவிட்டுப் பெரியவர்கள் தயாராகப் போகிறார்கள். அதற்குள் குழந்தை வியர்த்து வழிந்து அழத் தொடங்கிவிடுகிறது. நண்பகலில் கிளம்ப வேண்டியவர்கள் மூன்று மணிக்குக் கிளம்பி இருட்டில் தடுமாறித் திரும்புகிறார்கள். வீட்டுக்குள் வந்தால் உலர்ந்த சாக்ஸ் எங்கே என்று எல்லோரும் தேடுகிறார்கள்.

ஆகவே இதில் நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கும். திரும்பி வருவதை முதலில் ஏற்பாடு செய்யுங்கள், போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளைகள், தாத்தா பாட்டி என மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். வெண்பனி கொட்டும் ஊரானாலும் சரி, குளிர்காற்று மட்டும் வீசும் ஊரானாலும் சரி, வரிசை இதுதான்.

1. சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

முதலில் முடிவு செய்ய வேண்டியது இடத்தை அல்ல, வீட்டுக்குள் திரும்பி நுழையும் நேரத்தை. அன்றைக்குச் சூரியன் மறையும் நேரத்தைச் செல்பேசியில் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டில் இருக்குமாறு கணக்கிடுங்கள். வெயில் சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்கும். பகலில் உருகிய ஈரம் மறுபடி உறைந்து தரை வழுக்கத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான்.

கணக்கு இப்படிப் போகும். மறைவு 4:40 என்றால் வீட்டில் 3:40. பயணம் அரை மணி நேரம், எனவே வண்டி 3:10க்குக் கிளம்ப வேண்டும். எல்லோரையும் கூட்டி ஏற்ற இருபது நிமிடம், ஆக 2:50க்கு நடை முடிந்திருக்க வேண்டும். வெளியே ஒன்றரை மணி நேரம் என்றால் 1:20க்கு அங்கே இறங்க வேண்டும். அரை மணிப் பயணத்தையும் உடுப்பு மாட்ட முக்கால் மணி நேரத்தையும் கழித்தால் 12:05 வருகிறது. அப்போது குடும்பம் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டை முதலில் முடிப்பதற்குக் காரணம் உண்டு. உடம்பு சூட்டை உண்டாக்குவது உண்ட உணவிலிருந்துதான். பசியோடு வந்த பிள்ளைக்கு எத்தனை ஸ்வெட்டர் மாட்டினாலும் குளிரும்.

நாளின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது நண்பகலில் அல்ல, அதற்கு ஓரிரு மணி நேரம் கழித்து. மேலே போட்ட கணக்கில் வெளியே இருக்கும் நேரம் சரியாக அங்கே விழுவதைக் கவனியுங்கள்.

டிசம்பர் 21 வாக்கில் வரும் குறுகிய பகலன்றுதான் சூரியன் ஆகச் சீக்கிரம் மறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். வடக்கே 40 டிகிரி அட்சரேகையை ஒட்டிய இடங்களில் அது டிசம்பர் முதல் வார முடிவிலேயே வந்துவிடுகிறது. அதனால் உத்தேசமாக வைத்துக்கொள்ளாமல் அன்றைய நேரத்தைப் பாருங்கள்.

வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 6 டிகிரி போல உறைக்கும். காற்று அடங்கிய மைனஸ் 3 டிகிரி நாள் இதைவிட எவ்வளவோ சுகமானது.

2. ஒரே ஒரு இடம் போதும்

பூங்கா, பிறகு ஆற்றங்கரை, பிறகு நூலகம் என்று மூன்றைச் சேர்த்தால் நாள் முழுவதும் உடுப்பை மாட்டுவதிலும் கழற்றுவதிலும் போய்விடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையுறையோ மஃப்ளரோ ஒன்று தொலையும். இடத்தை ஒன்றோடு நிறுத்துங்கள்.

அந்த இடத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும். திறந்திருக்கும் கழிப்பறை, ஒதுங்க ஒரு கூரை, நினைத்த இடத்திலிருந்து திரும்பக்கூடிய பாதை. பல பொதுக் கழிப்பறைகளைக் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்று பூட்டிவிடுவார்கள். முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வட்டமாகச் சுற்றிவரும் நீண்ட பாதையைவிடப் போன வழியே திரும்பும் பாதை நல்லது. வட்டப்பாதையில் பாதி தூரம் போனபின் குழந்தை சோர்ந்தால் எந்தப் பக்கம் போனாலும் அதே தூரம்தான்.

காற்று வீசும் திசையைப் பார்த்து, அதை எதிர்த்து நடக்கத் தொடங்குங்கள். திரும்பும்போது காற்று முதுகில் படும். உடம்பு சூடேறி லேசாக வியர்த்திருக்கும் நேரத்தில் முகத்தில் அடிக்கும் காற்றைப் போலக் குளிர வைப்பது வேறில்லை.

3. முந்தைய இரவே வீட்டைத் தயார் செய்யுங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது. கிளம்புவதற்கான பையை எல்லோரும் கட்டுகிறார்கள், திரும்பி வரும் வீட்டை யாரும் நினைப்பதில்லை.

வாசலுக்குள் பழைய துண்டு ஒன்றை விரித்து வையுங்கள், ஈரச் செருப்பும் ஷூவும் அதன்மேல். பக்கத்தில் ஈரத்துணிக்கு ஒரு கூடை. ஒவ்வொருவருக்கும் உலர்ந்த சாக்ஸ், தளர்வான வீட்டு உடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக அடுக்கி வாசலுக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள். அறைக்குள் இருந்தால் எடுக்கப் போகிறவரின் ஈரக் கால் வீடு முழுக்கத் தடம் பதிக்கும்.

சூப்போ கஞ்சியோ, சூடாக்கினால் போதும் என்ற நிலையில் ஒன்று பாத்திரத்தில் இருக்கட்டும். களைத்து வந்தபின் காய் நறுக்கத் தொடங்கினால் அதற்குள் பிள்ளைகள் கையில் கிடைத்ததைத் தின்று முடித்திருப்பார்கள். இத்தனைக்கும் முந்தைய இரவில் அரை மணி நேரம் செலவாகும். அடுத்த நாள் மாலையின் அமைதி முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

4. உடுப்பு: எண்ணிக்கையைவிட அடுக்கும் முறை முக்கியம்

தடிமனான ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் கதகதப்பு தரும். சூட்டைத் தக்கவைப்பது துணிகளுக்கு இடையில் சிக்கிய காற்று. சூடேறினால் ஓர் அடுக்கைக் கழற்றவும் முடியும், தடிமனான கோட்டில் அதற்கு வழியில்லை.

உடம்பை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருக்கவே கூடாது. கம்பளி நூல் உள்ளாடையோ பாலியஸ்டர் தெர்மலோ போடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால், நனைந்த பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளியே எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கெட் போட்டாலும் உள்ளே பருத்தி பனியன் என்றால் பயனில்லை.

நடுவில் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜாக்கெட். இந்த வெளி ஜாக்கெட் ஸ்வெட்டரை அமுக்காமல் தளர்வாக இருக்க வேண்டும். அமுங்கினால் இடையில் காற்று இருக்காது.

காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் திணிப்பது மிகச் சாதாரணமாகப் பார்க்கும் தவறு. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும். ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு ஜோடியைக் கழற்றிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு விரல் பிரியாத கையுறைதான் நல்லது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சூட்டைப் பகிர்ந்துகொள்ளும், மாட்டுவதும் சுலபம். முதலில் கட்டைவிரலை அதன் இடத்தில் நுழைத்து, மற்ற நான்கையும் ஒன்றாகத் தள்ளி, கையுறையின் விளிம்பை ஜாக்கெட் கைக்குள் சொருகுங்கள். மணிக்கட்டில் ஒரு விரல் அகலம் தோல் தெரிந்தாலும் அதன் வழியே பனி உள்ளே புகும். பத்து நிமிடத்தில் கையுறை உள்பக்கம் நனைந்துவிடும், பிறகு குழந்தை அதைக் கழற்றி வீசத்தான் பார்க்கும்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில், கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக உலர்ந்திருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள், சில்லென்றிருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள்.

கைக்குழந்தைக்குப் பெரியவரைவிட ஓர் அடுக்கு அதிகம் வேண்டும், ஏனென்றால் நாம் நடக்கிறோம், அது அசையாமல் இருக்கிறது. தள்ளுவண்டியை பிளாஸ்டிக் உறையாலோ போர்வையாலோ முழுக்க மூடாதீர்கள், காற்றுப் போக வழி விடுங்கள். நெஞ்சோடு அணைத்துக் கட்டித் தூக்கினால் குழந்தையின் முகம் உங்கள் கண்ணுக்கு எப்போதும் தெரிய வேண்டும்.

வயதானவர்கள் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. வயதாக ஆகக் குளிரை உணர்வதே மட்டுப்படும். அதனால் அப்பா “எனக்கெல்லாம் குளிரலைப்பா” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு ஸ்வெட்டரைக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஓடும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மரப்பெஞ்சோ கல்பெஞ்சோ, உட்கார்ந்த இடம் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மடித்து வைக்கக்கூடிய ஃபோம் விரிப்பு ஒன்றைப் பையில் போடுங்கள். மடியில் போர்த்தும் போர்வையைவிடக் கீழே போடும் இந்த விரிப்பு அவருக்கு அதிகம் உதவும்.

5. பையில் வைக்க வேண்டியவை

பிளாஸ்கில் நேரடியாகப் பானத்தை ஊற்றாதீர்கள். கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு பானத்தை விளிம்புவரை நிரப்புங்கள். குளிர்ந்த உட்சுவர் பானத்தின் சூட்டைத் தின்னாமல் இருக்கும். குழந்தைகளுக்கானதை ஆற்றித் தனி பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். விறைத்த கையில் கொதிக்கும் கோப்பையைக் கொடுத்தால் மேலே கொட்டிக்கொள்வார்கள்.

தண்ணீரும் வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சுக்கு மூச்சு ஈரம் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். பெரியவர்கள் உடம்புச் சூட்டுக்காக மது எடுத்துச் செல்வது வேண்டாம். அது தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடு வந்ததுபோல் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

கையுறையும் சாக்ஸும் குழந்தைக்கு ஒரு ஜோடி கூடுதலாக, ஈரம் படாத உறையில். ஈரமானவற்றைப் போட ஒரு காலி உறை. சின்ன டார்ச். தரையில் வெண்பனி இருந்தால் சன்ஸ்கிரீன், ஏனென்றால் புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும்.

செல்பேசியும் ஆஸ்துமா இன்ஹேலரும் பைக்குள் வேண்டாம், ஜாக்கெட்டின் உள்பையில் உடம்போடு இருக்கட்டும். குளிரில் பேட்டரி திடீரென்று அணைந்துபோகும், இன்ஹேலரும் சரியாகப் பீய்ச்சாது. இழுப்பு உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடேறிப் போகும்.

6. கிளம்பும் வரிசை

பைகள் முதலில் வண்டிக்குப் போகட்டும். அடுத்து எல்லோரும் கழிப்பறைக்கு. பிறகு பெரியவர்கள் ஜாக்கெட் தவிர மற்றதை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். வயதானவர்கள் நிதானமாக உட்கார்ந்து ஷூ போட்டுக்கொள்ள நேரம் விடுங்கள். குழந்தைகள் கடைசி. குழந்தைக்குக் குல்லா மாட்டிய அந்த நிமிடமே கதவு திறக்க வேண்டும்.

காரில் போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டக் கூடாது. பட்டை இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். மோதல் நேர்ந்தால் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி, பட்டை தளர்ந்து, குழந்தை நழுவிவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பட்டையை இறுக்கிவிட்டு, அதன்மேல் ஜாக்கெட்டைப் போர்த்துங்கள். மூடிய கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டு வண்டியைச் சூடேற்றுவதும் கூடாது. அதில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரை எடுக்கும்.

7. வெளியே போனபின்: குறைவாகச் செய்து நிறையப் பாருங்கள்

இறங்கியதும் எல்லோருக்கும் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் அடுத்த கால் மணி நேரத்தில் வியர்க்கும். முதல் பத்து நிமிடம் பிள்ளைகளை ஓடவிடுங்கள், பிறகு பிடரியைத் தொட்டுப் பார்த்து அடுக்கைச் சரிசெய்யுங்கள். புகைப்படம் எடுப்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள். நேரம் ஆக ஆக மூக்கு சிவந்து, கையுறையைக் கழற்றவும் யாருக்கும் மனம் வராது.

இதன்பின் திட்டம் எதுவும் வேண்டாம். கவனித்துப் பார்க்க ஏதாவது ஒன்று இருந்தால் போதும், அதைக் குடும்பமே சேர்ந்து செய்யலாம்.

பனி விழுகிறதா? கறுப்புக் கம்பளித் துணி ஒன்றைப் பத்து நிமிடம் வெளியே வைத்துக் குளிர விடுங்கள். வீட்டுச் சூட்டோடு நீட்டினால் விழுந்தவுடன் உருகிவிடும். குளிர்ந்த துணியை நீட்டி, விழும் துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், மூச்சுக்காற்று படாமல். சிதையாமல் முழுசாக விழுந்தவை பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்டதாக இருக்கும். உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம். மேகத்தில் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி உருவானவைதான் கிளைகிளையாகப் பிரிந்த நட்சத்திரங்களாக வரும். ஆறு கைகளையும் எண்ணிவிட்டு அடுத்த துகளுக்கு ஓடுகிற பிள்ளையை அரை மணி நேரத்துக்கு நீங்கள் மகிழ்விக்க வேண்டியதே இல்லை.

பனி இல்லாத ஊரில் பறவைகளைப் பாருங்கள். இலை உதிர்ந்த மரத்தில் பறவை மறைய இடமில்லை. சின்னப் பறவைகள் இறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்திருக்கும், இறகுகளுக்கு இடையில் காற்றைச் சிறைபிடிக்கத்தான். நம் மூன்றடுக்கு உடுப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அடுத்தமுறை தெர்மல் போட அடம்பிடிப்பது குறையும்.

வெயில் மட்டும்தான் இருக்கிறது என்றால் நிழலை அளக்கலாம். குளிர்காலச் சூரியன் தாழ்ந்து போவதால் நண்பகல் நிழலே நீளமாக இருக்கும். தாத்தாவின் நிழல் எத்தனை அடி என்று பேத்தி காலால் அளக்கட்டும். பெஞ்சருகே நின்றபடியே தாத்தாவும் விளையாட்டில் சேர்ந்துவிடுவார். எல்லா வயதினரும் சேரும்படியான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முக்கியம்.

வழுக்கும் தரையில் சின்ன எட்டாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி நடங்கள். கைகளை ஜாக்கெட் பையிலிருந்து வெளியே எடுங்கள், விழுந்தால் ஊன்றவும் சமாளிக்கவும் கை வேண்டும்.

உறைந்த ஏரி, குளத்தின்மேல் கால் வைக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனில் தெளிவான, உறுதியான பனிக்கட்டி வேண்டும், அதுவும் ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தில் இருக்காது. அந்த இடத்தின் நிர்வாகம் திறந்துவிட்டதாக அறிவிக்காதவரை யாரும் இறங்கக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், கரையில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

8. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போதே திரும்புங்கள்

“குளிருது” என்று யாராவது சொன்னபின் திரும்ப நினைத்தால் தாமதம். வண்டிவரை நடக்க வேண்டும், ஏற வேண்டும், வண்டி சூடாக வேண்டும். கணக்குப் போட்ட நேரம் வந்ததும் திரும்பிவிடுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினாலும்.

அதற்கு முன்பே திரும்பச் சொல்லும் அறிகுறிகள் சில உண்டு. வாய் ஓயாமல் பேசிய பிள்ளை சட்டென்று மௌனமாகும். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுக்கம் விடாமல் இருப்பது, பேச்சு குழறுவது, ஜிப்பைப் போட விரல் தடுமாறுவது ஆகியவை உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டதைக் காட்டும். உடனே கூரைக்குள் போய் ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்தி, மருத்துவ உதவியை அழையுங்கள்.

மூக்கு நுனி, காது, விரல் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உறைந்த தசை கிழியும். வெதுவெதுப்பான நீரில், 37 முதல் 39 டிகிரி வரை, அமிழ்த்தி வையுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது, எனவே நீரின் சூட்டை வேறொருவர் பார்க்க வேண்டும். உணர்ச்சி திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

9. வீட்டுக்குள் நுழைந்ததும்

வாசலிலேயே ஈரம் எல்லாம் கழற்றியாக வேண்டும், சாக்ஸ் முதலில். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடை மாற்றிய பிறகு மற்றவர்கள். அடுத்து அடுப்பில் பாத்திரம். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்துச் சாப்பிடட்டும். நேற்று இரவு செய்த அரை மணி நேர வேலை இங்கே கைகொடுக்கும். அறையைச் சூடாக்க நிலக்கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். அதிலும் கார்பன் மோனாக்சைடுதான்.

இந்த நேரத்தில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் நாள் அங்கேயே முடிந்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஒருவர் கதை வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம், புதிர்ப்படத்தைச் சேர்க்கலாம், பாட்டி சின்ன வயதில் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார் என்று கேட்கலாம். உடம்பு களைத்து வயிறு நிறைந்திருக்கும் இந்த வேளையில் பதின்வயதுப் பிள்ளைகளும் எழுந்து போக மாட்டார்கள்.

வானம் தெளிவாக இருந்தால் இரவில் ஐந்து நிமிடம் ஜன்னல் விளக்கை அணையுங்கள். வடகோளத்தில் ஜனவரி மாத மாலைகளில் தென்கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும், அதுதான் ஓரையன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டை. அதற்கு மேலே இடப்பக்கம் செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. மூன்று நட்சத்திரங்களின் கோட்டை வலப்பக்கம் மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, இன்னும் நீட்டினால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை.

10. படுக்கும் முன்

ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்திருக்கும், மாற்றுங்கள். ஹீட்டருக்கு மேலே வைத்து உலர்த்தினால் தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வைத்தாலே போதும்.

கையுறைகளின் விரல்பக்கம் மேலே இருக்குமாறு, வாய் கீழே பார்க்க மாட்டுங்கள். சூடான காற்று மேலேறி உள்ளே போய் உலர்த்தும். பிளாஸ்கைக் கழுவி மூடியைத் திறந்தே வையுங்கள், மூடினால் நாறும். மாற்றுச் சாக்ஸ், கையுறை, காலி உறை, டார்ச் ஆகியவற்றை அன்று இரவே மறுபடி பையில் நிரப்பி வாசலருகே தொங்கவிடுங்கள்.